பப்மெட்: தேடித் தருகிறது, தரம் பார்ப்பதில்லை

உடல்நலம் பற்றியோ மனநலம் பற்றியோ ஒரு கூற்றைக் கேள்விப்பட்டு, அதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா என்று பார்க்க விரும்புகிறவர் முதலில் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் பப்மெட்தான். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1996இல் தொடங்கிய இந்தத் தேடல் சேவைக்குக் கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை. இன்று 3.7 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் இதில் இருக்கின்றன. ஏறக்குறைய தினமும் இதைப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தருவதில் இதற்கு இணையான இலவசச் சேவை வேறில்லை, ஆனால் தேடித் தந்ததைத் தரம் பார்த்துத் தந்ததாக எடுத்துக்கொள்கிறவர் நிச்சயம் ஏமாறுவார்.

பப்மெட்டின் உண்மையான பலம் அதன் தேடல் பெட்டியில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் சொற்தொகுதியில் இருக்கிறது. அந்த நூலகத்தின் முன்னோடியான அமெரிக்க ராணுவ மருத்துவ நூலகத்தை நடத்திய ஜான் ஷா பில்லிங்ஸ் 1879இல் அச்சில் தொடங்கிய மருத்துவக் கட்டுரை அட்டவணையின் வழிவந்தது இது. ஒரே நோயை ஆளுக்கொரு பெயரில் எழுதினால் அட்டவணை பயனற்றுப் போகும் என்பதை அந்த நூலகத்தார் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். அதற்காக 1960இல் அவர்கள் கொண்டுவந்ததுதான் மெஷ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தலைப்புச் சொற்தொகுதி. ஆண்டுதோறும் திருத்தப்படும் இதில் இப்போது 30,000க்கும் மேற்பட்ட தலைப்புகள் உள்ளன. தூக்கமின்மையைப் பற்றித் தேட 'இன்சோம்னியா' என்று தட்டச்சு செய்து பாருங்கள். பப்மெட் அதை அப்படியே தேடுவதோடு நிற்காமல், 'ஸ்லீப் இனிஷியேஷன் அண்ட் மெயின்டனன்ஸ் டிஸ்ஆர்டர்ஸ்' என்ற தன் தலைப்பையும் தானாகவே சேர்த்துக்கொள்கிறது. தூக்கம் பிடிப்பதிலும் நீடிப்பதிலும் ஏற்படும் கோளாறுகள் என்ற அந்த நீண்ட பெயரைக் கேட்டவுடன் நினைவுக்குக் கொண்டுவரக்கூடிய மனிதர் அநேகமாக இருக்க மாட்டார். 'ஹார்ட் அட்டாக்' என்று கொடுத்தாலும் மருத்துவர்கள் எழுதும் 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' வந்து சேரும். ஒரு தலைப்பைத் தேடும்போது அதன் கிளைத் தலைப்புகளும் சேர்த்துத் தேடப்படுவது இன்னொரு வசதி.

இந்த ஏற்பாடு தெரியாமல் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஒரு சிகிச்சை முறையைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, துல்லியமாகத் தேடுவதாக நினைத்துக்கொண்டு என் தேடல் தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைத்தேன். கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே கட்டுரைகள் வந்தன. இந்தத் துறையில் ஆய்வே நடக்கவில்லை என்று ஒரு பத்தி எழுதியும்விட்டேன். மேற்கோள் குறி போட்டால் மேலே சொன்ன தானியங்கிச் சேர்க்கை நின்றுவிடும் என்பது உதவிப் பக்கத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. படிக்காதது என் தவறு. குறியை எடுத்ததும் நூற்றுக்கணக்கில் வந்தன, எழுதிய பத்தியை அழிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு தேடலுக்குப் பிறகும் 'அட்வான்ஸ்டு' பக்கத்துக்குப் போய், நான் கொடுத்த சொற்களை அது எப்படி விரித்துக்கொண்டது என்று பார்த்த பிறகே முடிவுகளைப் படிக்கிறேன். ஆண்ட், ஆர், நாட் ஆகிய இணைப்புச் சொற்களைப் பெரிய எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதையும், அவை இடமிருந்து வலமாகவே கணக்கிடப்படுவதால் அடைப்புக்குறி அவசியம் என்பதையும் புதியவர்கள் முதல் நாளிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இனி குறைகளுக்கு வருகிறேன். குறை என்பதைவிட, பயன்படுத்துகிறவர்களின் தவறான எதிர்பார்ப்பு என்பதே பொருந்தும். 'பப்மெட்டிலேயே இருக்கிறது' என்பதைப் பலரும் முத்திரை குத்திய சான்றிதழ்போலச் சொல்கிறார்கள். உள்ளே இருப்பது ஒரே வகைச் சரக்கு அல்ல. குழு ஒன்று பரிசீலித்துத் தேர்ந்தெடுத்த இதழ்களின் தொகுப்பான மெட்லைன் ஒரு பகுதி; முழுக் கட்டுரைகளைச் சேமிக்கும் பப்மெட் சென்ட்ரல் வழியாக வந்து சேர்ந்தவை வேறொரு பகுதி. சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வுக்கு இன்னும் உட்படாத முன்வெளியீடுகளும் 2020 முதல் ஓரளவு இடம்பெற்றுள்ளன. அவற்றின்மேல் எச்சரிக்கை இருக்கிறது என்றாலும், அவசரத்தில் பட்டியலை மட்டும் பார்த்துப் போகிறவர் கண்ணில் எல்லாம் ஒன்றுபோலவே படும். மெட்லைன் மட்டும் போதும் என்றால் அதற்கு வடிகட்டி உண்டு. ஆனால் அது கூடுதல் வடிகட்டிகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போகும் பழக்கத்தையும் இந்தச் சேவையின் அமைப்பே வளர்க்கிறது. ஆயிரம் பேரில் 2 பேருக்கு வந்த நோய் 1 ஆகக் குறைந்தால், அதை 50 சதவீதக் குறைவு என்று சுருக்கத்தில் எழுத எந்தத் தடையும் இல்லை. உண்மையில் குறைந்தது ஆயிரத்துக்கு ஒன்றுதான் என்பது உள்ளே அட்டவணையில் இருக்கும். முழுக் கட்டுரை இலவசமாகக் கிடைத்தால் அதற்கான இணைப்பு வலப்புறம் தெரியும், இல்லாவிட்டால் பதிப்பகத்தின் கட்டணக் கதவில் போய் முட்ட வேண்டியதுதான். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடக்கும் ஆய்வுகளைப் பொறுத்தவரை, கட்டுரை இலவசமாகக் கிடைப்பதற்கு 12 மாதம் வரை அனுமதிக்கப்பட்டிருந்த காத்திருப்பு, 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு நீக்கப்பட்டிருப்பது நல்ல செய்தி.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கையாளும் விதத்தில் பப்மெட்டை மனமாரப் பாராட்டலாம். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி, 12 குழந்தைகளை மட்டும் வைத்து 1998இல் லான்செட் இதழில் வெளியான கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இதழ் அதைத் திரும்பப் பெற்றது 2010இல். பப்மெட் அந்தப் பதிவை நீக்கிவிடவில்லை. தேடுகிறவர் அதைத் தாண்டிப் போக முடியாதபடி எச்சரிக்கைப் பட்டையையும், திரும்பப் பெற்ற அறிவிப்புக்கான இணைப்பையும் வைத்திருக்கிறது. அழித்திருந்தால், வேறெங்கோ அதை மேற்கோளாகப் பார்த்து வருகிறவருக்கு உண்மை தெரியாமலே போயிருக்கும்.

ஆனால் திரும்பப் பெறப்படாமல், மறுபடி செய்து பார்த்தபோது நிற்காமல் போன ஆய்வுகளுக்கு அத்தகைய பட்டை எதுவும் கிடையாது. உளவியல் ஆய்வுகளைத் தேடுகிறவர்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும். உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்த ஒரு கூட்டு முயற்சியின் முடிவுகள் 2015இல் சயின்ஸ் இதழில் வெளியாயின. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க முடிவு காட்டியிருக்க, மறு ஆய்வுகளில் அப்படிக் காட்டியவை 36 சதவீதமே. இவற்றில் யாரும் பொய் சொன்னதாக ஆகாது என்பதால், திரும்பப் பெறுவதற்கும் இடமில்லை. ஆகவே மூலக் கட்டுரை எந்த அடையாளமும் இல்லாமல் தேடலில் வந்து நிற்கும். மறு ஆய்வு எதிலேனும் நடந்ததா என்பதை அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவற்றின் 'சைட்டட் பை' பட்டியலில் நாமே ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மேலும் மருத்துவத்தோடு ஒட்டிய உளவியலே இங்கு நன்றாகக் கிடைக்கிறது. சமூக உளவியலுக்கும் கல்வி உளவியலுக்கும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் சைக்இன்ஃபோ தரவுத்தளமே பொருத்தம், ஆனால் அது சந்தாவுக்கு உட்பட்டது. பல்கலைக்கழக நூலகத்தின் அணுக்கம் இல்லாதவர் கூகுள் ஸ்காலரை நாட வேண்டியிருக்கும். அது கட்டுரையின் உள்ளடக்கத்தையும் துழாவி நிறையத் தரும், என்றாலும் எந்த விதிப்படி வரிசைப்படுத்துகிறது என்பதை முழுமையாகச் சொல்லாததால், இன்று செய்த தேடலை அடுத்த மாதம் அதே வரிசையில் திரும்பச் செய்து காட்ட இயலாது.

பப்மெட்டில் ஒரு தேடலைச் சேமித்து, புதிய கட்டுரை வரும்போது மின்னஞ்சல் பெறுவது போன்ற வசதிகளுக்கு மட்டும் கணக்கு தேவைப்படுகிறது. வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்தால் போதும். தினமும் என்று வைத்த முதல் மாதத்தில், வந்த மின்னஞ்சல்களில் பாதியை நான் திறக்கவே இல்லை.