புற்றுநோய்த் தாதி ஆலோசனை: அப்பாவுடன் போய் வந்த அனுபவம்

அப்பாவுக்கு வயது 71. துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவர். பலதுறை மருந்தகத்தில் "பிஎஸ்ஏ கூடியிருக்கிறது" என்று சொன்னபோது, தான் வேலை பார்த்த இடத்தைப் பற்றி என்னவோ சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். இங்கே சிங்கப்பூரில் அவர் வயதுக்காரர்களுக்குப் பிஎஸ்ஏ என்றால் துறைமுகம்தான். இதுவோ புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதத்தின் அளவு. அவருக்கு 7.8 இருந்தது.

எம்ஆர்ஐ, ஊசி போட்டுத் திசு எடுப்பது எல்லாம் முடிந்து, புரோஸ்டேட் புற்றுநோய் என்று முடிவு வந்த அன்று, டாக்டர் எங்களோடு பேசியது பத்து நிமிஷம் இருக்கும். கிளீசன் 3+4, டி1சி, ஆபரேஷனா கதிர்வீச்சா யோசித்துச் சொல்லுங்கள் என்றார். ஒரு தமிழ்க் கையேடும் கிடைத்தது. இரண்டு பக்கம் படித்துவிட்டு அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். படித்துப் பார்த்தேன், எனக்கே புரியாத தமிழ்.

தமிழில் விளக்க யாராவது உண்டா என்று முகப்பில் நானாகக் கேட்ட பிறகுதான், தாதி ஆலோசனை என்று தனிச் சந்திப்பு ஒன்று இருப்பதே தெரிந்தது. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது நாள் காத்திருந்தோம், அந்த ஒன்பது நாளும் அம்மா சரியாகத் தூங்கவில்லை.

சரி, அந்த ஐம்பது நிமிஷத்துக்கு வருகிறேன். தாதி முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எலுமிச்சம்பழம் வரைந்தார். "அங்கிள், இதுதான் புரோஸ்டேட்." உள்ளே பேனாவால் ஒரு புள்ளி, அதுதான் கட்டி. அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்வதுதான் டி எண். விரலால் தடவினால் தட்டுப்படாமல், ரத்தச் சோதனையால் சந்தேகம் வந்து ஊசியில் அகப்பட்டால் டி1சி. தட்டுப்பட்டாலும் அந்தப் பழத்தோலுக்குள்ளேயே இருந்தால் டி2. தோலைத் தாண்டினால் டி3, சிறுநீர்ப்பை போன்ற பக்கத்து உறுப்பைப் பிடித்தால் டி4. நிணநீர்க் கணுக்களுக்கும் எலும்புக்கும் பரவியதா என்பது தனிக் கணக்கு.

கிளீசனுக்குத்தான், அதாவது புற்றுநோய் செல்கள் எவ்வளவு முரடானவை என்ற மதிப்பெண்ணுக்குத்தான், அதிக நேரம் எடுத்துக்கொண்டார். திசுவில் அதிகமாகத் தெரிவது 3 வகை, அடுத்தது 4 வகை, அதனால் 3+4. அதையே 4+3 என்று திருப்பிப் போட்டாலும் கூட்டினால் 7தான், ஆனால் முரட்டு வகை அதிகம் என்று அர்த்தம். அப்பா உடனே தன் அறிக்கையை வாங்கி எது முதலில் இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்தார். பயம் கொஞ்சம் இறங்கியதை அந்த விரலில் நான் பார்த்தேன்.

அவசரப்பட வேண்டாம் என்பதற்கு அவர் சொன்னது, பரவாத நிலையில் இருந்த 1,643 பேரைப் பிரிட்டனில் 15 வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு. முடிவு 2023இல் வந்தது. கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு என எந்தப் பிரிவில் இருந்தாலும் நூற்றில் சுமார் 97 பேரை இந்தப் புற்றுநோய் கொல்லவில்லை. வித்தியாசம் பக்கவிளைவில்தான் அதிகம். ஆபரேஷன் என்றால் சிறுநீர்க் கசிவு, கதிர்வீச்சு என்றால் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் எரிச்சல். ஆபரேஷனுக்குப் பிறகு பிஎஸ்ஏ ஏறினால் கதிர்வீச்சு கொடுக்கலாம், கதிர்வீச்சுக்குப் பிறகு ஆபரேஷன் செய்வது சிரமம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "அக்கா, ஒரு பத்து நிமிஷம் வெளியே இருக்கிறீங்களா?" என்று கேட்டார். தாம்பத்தியம் பற்றிய பேச்சு என்று புரிந்தது. மகள் முன்னால் அப்பா எந்த ஜென்மத்திலும் கேட்டிருக்க மாட்டார். அதை உணர்ந்து கேட்ட அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தச் சேவையை எல்லாருக்கும் சொல்வேன்.

குறைகளும் உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரச் சந்திப்பு இல்லை. தமிழ் பேசும் தாதி வாரத்தில் இரண்டு நாள்தான் இருக்கிறார். மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பு, மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி பற்றிக் கேட்க இன்னொரு மாடிக்குப் போக வேண்டியிருந்தது.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் அப்பா கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார், நான்கு வாரத்தில் 20 முறை. முடிவு அவருடையது. போன ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கோப்பி குடிக்கும்போது, பழைய துறைமுக நண்பரிடம் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார். "பாரு, தோலுக்குள்ளேயேதான் இருக்கு. 3தான் முதல்ல. நீ பிஎஸ்ஏ பார்த்தியா?"