டாங்கி காங் கேபினட்டுக்கு பிளான் வரைய: ஸ்கெட்ச்அப்பா, ஃப்ரீகேடா?

1981-இல் நின்டெண்டோ வெளியிட்ட டாங்கி காங் ஆர்கேட் கேபினட்டை, அதாவது காசு போட்டு நின்று ஆடும் வீடியோ கேம் பெட்டியை, அசல் அளவிலேயே பிளைவுட்டில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, பிளானை எதில் வரைவது என்பதைத்தான். யாரோ அளந்து இணையத்தில் போட்டதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காகிதத்தில் முழு அளவில் வரையலாம். கம்ப்யூட்டரில் என்றால் ஸ்கெட்ச்அப், ஃப்ரீகேட் என்ற இரண்டு வரைபட மென்பொருள்களும் செலவில்லாமல் கிடைக்கின்றன. என் கேபினட்டை ஃப்ரீகேடில் வரைந்துதான் செய்தேன். ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ரெடிமேட் பிளானைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அசல் பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பொறுமையாக அளந்தவர்களின் உழைப்பு அது. பக்கப் பலகையின் சாய்வுகளை நானும் அப்படி ஒன்றிலிருந்துதான் எடுத்தேன். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கக் கணக்கில் இருக்கும்: முக்கால் இன்ச் பலகை, பதினாறில் ஒரு பங்கு வரை பின்னங்கள். நம் தச்சர்களுக்கு இன்ச்சுக்கு எட்டு நூல். பதினாறில் ஒன்று என்றால் அரை நூல். அதைப் படித்துக் காட்டவே பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

காகித வரைபடத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பெரிய பிரவுன் ஷீட்டில் ஒன்றுக்கு ஒன்று அளவில் வரைந்து, மெல்லிய பிளையில் ஒட்டி வெட்டிக் கொடுத்துவிட்டால், தச்சர் அதைப் பலகை மேல் வைத்துக் கோடு போட்டுக்கொள்வார். ஒரே ஒரு கேபினட், அதுவும் கைரம்பத்தில்தான் வெட்டப்போகிறோம் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

ஸ்கெட்ச்அப்பின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு முகத்தைப் பிடித்து இழுத்தால் பலகை ஆகிவிடும். உட்கார்ந்த அன்றே கேபினட்டைத் திரையில் சுற்றிப் பார்க்கலாம். வீட்டில் உள்ளவர்களிடம் "இந்த மூலையில் இவ்வளவு இடம்தான் அடைக்கும்" என்று காட்டி அனுமதி வாங்க இதைவிட நல்ல கருவி கிடையாது. கணினியில் நிறுவிக்கொள்ளும் இலவசப் பதிப்பு 2017-உடன் நின்றுவிட்டது. இப்போது இலவசமாகக் கிடைப்பது பிரவுசரில் ஓடுவது. அதில் டிஎக்ஸ்எஃப் கோப்பாக, அதாவது வெட்டும் இயந்திரம் படிக்கும் கோட்டு வரைபடமாக, எடுக்க வழியில்லை. பூஜையறைக் கதவுக்கு ஜாலி வெட்டித் தரும் சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் வெட்டு இயந்திரம்) கடைக்காரரோ முதலில் கேட்பதே அதைத்தான். இன்னொன்று, ஸ்கெட்ச்அப் வட்டம் உண்மையில் வட்டம் அல்ல. நாமாக மாற்றாவிட்டால் 24 பக்கம் கொண்ட பலகோணம். 30 மி.மீ. பட்டன் துளையில் அது பெரிதாகத் தெரியாது, பெரிய வளைவுகளில் தட்டையான முகங்கள் விரலில் தட்டுப்படும்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. நான் ஃப்ரீகேட் பக்கம் போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: பலகையின் கனம், அதாவது தடிமன்.

கேபினட்டின் வெளி அகலம் 610 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பக்கப் பலகை 19 மி.மீ. என்றால் உள் அகலம் 572. கடையில் 18 மி.மீ. பிளைதான் இருக்கிறது என்றால் 574. சரி, பெயின்ட் வேண்டாம், இருபுறமும் 1 மி.மீ. சன்மைக்கா ஒட்டிவிடலாம் என்று மனசு மாறினால் கனம் 20, உள் அகலம் 570. இந்த உள் அகலத்தை நம்பித்தான் கன்ட்ரோல் பேனல், மானிட்டர் தாங்கும் பலகை, மேலே பெயர் ஒளிரும் மார்க்கீயின் அடிப்பலகை, காசுக் கதவு இருக்கும் முன்பலகை, பின்கதவு, அடித்தளம் எல்லாம் இருக்கின்றன. துண்டுகளைக் காடி (பலகையில் வெட்டும் நீளப் பள்ளம்) எடுத்துச் செருகுவதாக இருந்தால் காடியின் அகலமும் மாற வேண்டும். விளிம்பை மூட அடிக்கும் பிளாஸ்டிக் பட்டையான டி-மோல்டிங்குக்கான பள்ளம் கனத்தின் நட்டநடுவில் ஓட வேண்டும், 20 மி.மீ. விளிம்பில் 19 மி.மீ. மோல்டிங் அடித்தால் இரு பக்கமும் அரை அரை மி.மீ. மைக்கா வெளியே துருத்தும், கைபடும் இடத்தில் பெயர்ந்துவிடும். ஆக, கனம் மாறினால் மோல்டிங் வாங்கும் முடிவும் மாறும்.

ஸ்கெட்ச்அப்பில் இதை மாற்றுவதென்றால் ஒவ்வொரு துண்டாகப் பிடித்து இழுக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் திரையில் தெரியாது, பொருத்தும்போதுதான் தெரியும். ஃப்ரீகேடில் ஸ்ப்ரெட்ஷீட் உள்ளேயே இருக்கிறது. ஒரு கட்டத்துக்குக் கனம் என்று பெயர், இன்னொன்றுக்கு வெளி அகலம், இன்னொன்றுக்குக் காடி ஆழம். வரைபடத்தில் ஒரு அளவைக் கொடுக்கும்போது எண்ணுக்குப் பதிலாக "வெளி அகலம், கழித்தல் கனம் இரண்டு மடங்கு, கூட்டல் காடி ஆழம் இரண்டு மடங்கு" என்று சூத்திரமாகவே எழுதிவிடலாம். அப்புறம் கட்டத்தில் 19-ஐ 18 ஆக்கினால் எல்லாத் துண்டும் தானாக நகர்ந்துகொள்ளும். கடையிலிருந்து வரும் ஷீட் பெயரளவுக்கு 18 என்றாலும், காலிப்பர் வைத்தால் அரை மி.மீ. முன்னே பின்னே காட்டுவது சகஜம். பலகை வந்து இறங்கிய பிறகு அளந்து, அந்த எண்ணைப் போட்டு, அதற்குப் பிறகு டிஎக்ஸ்எஃப் எடுப்பதுதான் என் வழக்கம்.

இந்த வசதி இன்னொரு விதத்திலும் உதவும். டாங்கி காங் ஜூனியரும் பாப்பாயும், இரண்டும் 1982, இதே வடிவப் பெட்டியில்தான் வந்தன. ஸ்டிக்கரும் கன்ட்ரோல் பேனலும் மாறினால் போதும். 1983-இன் மரியோ பிரதர்ஸ் இருவர் சேர்ந்தாடும் ஆட்டம். அதற்கு நின்டெண்டோ அகலப் பெட்டியும் செய்தது. கோட்பாட்டளவில் ஸ்ப்ரெட்ஷீட்டின் வெளி அகலக் கட்டத்தில் எண்ணை மாற்றினால் அதன் எலும்புக்கூடு வந்துவிட வேண்டும். நான் அதை வெட்டிப் பார்க்கவில்லை, எனவே உறுதி சொல்ல மாட்டேன்.

ஃப்ரீகேடின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலில் திறந்ததும் ஒன்றும் புரியாது. கருவிகளை வொர்க்பெஞ்ச் என்று பிரித்துப் பிரித்து வைத்திருப்பார்கள், எது எங்கே என்று தேடியே சலிப்பு வரும். பழைய பதிப்புகளில் நடுவில் ஒரு துளையை மாற்றினால் அதற்கு மேல் கட்டியதெல்லாம் உடைந்து சிவப்பாக நிற்கும். 2024 நவம்பரில் வந்த 1.0 இதைப் பெருமளவு சரி செய்தது. ஆகவே பழையதைப் போட்டுப் பார்த்து வெறுத்தவர்கள் இன்னொரு முறை முயலலாம். ஆட்டோடெஸ்க்கின் ஃப்யூஷன் என்ற மென்பொருளிலும் இதே சூத்திர வசதி உண்டு, இன்னும் வழவழப்பாக ஓடும் என்கிறார்கள். ஆனால் இலவச உரிமத்தில் ஒரே சமயத்தில் பத்துக் கோப்புகளைத்தான் திருத்தும் நிலையில் வைக்கலாம். நான் அதில் முழு கேபினட் வரைந்ததில்லை. மேஜை போல உட்கார்ந்து ஆடும் காக்டெய்ல் கேபினட்டும் செய்ததில்லை.

எதில் வரைந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஜாய்ஸ்டிக்கையும் பட்டனையும் வாங்கிய பிறகே கன்ட்ரோல் பேனலில் துளை போடுங்கள். ஜப்பானிய சான்வா பட்டனுக்கு 30 மி.மீ., அமெரிக்க வகைக்கு ஒன்றேகால் இன்ச்சுக்கு ஒரு நூல் குறைவு, அதாவது சுமார் 28.6. டாங்கி காங்குக்கு நான்கு திசை ஜாய்ஸ்டிக்தான் வேண்டும். எட்டு திசையுள்ளதைப் போட்டால் கை கொஞ்சம் மூலைக்குச் சாய்ந்தாலே ஆட்டத்தில் ஏற வேண்டிய ஏணி பிடிபடாது, உருண்டு வரும் பீப்பாய் வந்து இடித்துவிடும்.