லினக்ஸ் மின்ட் சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்: உதவி கேட்கும் முன் இதைத் திறங்க

"மின்ட் (லினக்ஸ் மின்ட் இயங்குதளம்) போட்டிருக்கேன், பேனல் (திரையோரப் பட்டை) காணோம்" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது, ஏனென்றால் மின்ட்டிலேயே சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே என மூன்று டெஸ்க்டாப் (திரைத் தோற்றமும் மெனுவும் தரும் மென்பொருள்) இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. மெனுவில் மின்ட்டோடு வரும் சிஸ்டம் ரிப்போர்ட்ஸைத் (22.3 பதிப்பிலிருந்து இதன் பெயரே சிஸ்டம் இன்ஃபர்மேஷன்) திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதிக்குப் போனால் டெஸ்க்டாப்பின் பெயர், பதிப்பு, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), கிராபிக்ஸ் டிரைவர், திரையில் காட்டும் முறை எக்ஸ்11-ஆ வேலண்டா என்பது வரை எல்லாம் வந்துவிடும். காப்பி பட்டனை அழுத்தி, உதவி கேட்கும் பதிவில் அப்படியே ஒட்டலாம். பின்னால் வேலை செய்வது கணினி விவரங்களைத் திரட்டும் இன்க்ஸி என்ற கருவி. சீரியல் எண், மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) போன்றவற்றை தானே மறைத்துவிடுகிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எழுத்து நெருக்கமாக இருக்கிறது, புதியவர்கள் மிரளலாம். படித்துப் புரிய வேண்டியதில்லை, முழுசாக ஒட்டுங்கள், அப்புறம் பிரச்சினை எப்போது ஆரம்பித்தது என்று ஒரு வரி சேருங்கள்.