'24 மணி நேரமும் குழந்தை மருத்துவர்' போர்டை நம்பிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்

கொடுங்கையூர், எழில் நகர், கொருக்குப்பேட்டை பக்கம் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். புகார் கொடுத்திருக்கிறோம், அதனால் இப்போதைக்கு நர்சிங் ஹோம் பெயரைப் போடவில்லை.

என் தங்கச்சியின் எட்டு மாதக் குழந்தைக்குச் சளி, காய்ச்சல். அன்று ராத்திரி பால் குடிக்கவே இல்லை, மூச்சு வாங்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகலாம் என்றால் ரயில்வே கேட் போட்டிருப்பானோ, கன்டெய்னர் லாரி மறித்துக்கொண்டு நிற்குமோ என்று வடசென்னைக்காரர்களுக்கு எப்போதும் இருக்கிற பயம். பக்கத்தில் இருந்த நர்சிங் ஹோமுக்குப் போனோம்.

முதலில் அட்வான்ஸ். அது கட்டி ரசீது வந்த பிறகுதான் குழந்தையைத் தொட்டார்கள். குழந்தை டாக்டர் யாரும் இல்லை, டியூட்டி டாக்டர் ஒருவர் நெபுலைசர் வைத்துவிட்டு, "சளிதாம்மா, காலையில சார் வந்து பார்ப்பார்" என்று போய்விட்டார். ஆக்சிஜன் பார்க்கிற கிளிப் பெரியவர்கள் விரலுக்கானது, குழந்தை விரலில் நிற்கவில்லை. ஒருதரம் நின்றபோது 88 காட்டியது. 90-க்குக் கீழே இறங்கினாலே ஆக்சிஜன் வைக்க வேண்டும். நர்ஸோ, "மெஷின் அப்படித்தான் காட்டும்" என்றார்.

விடியற்காலையில் குழந்தை துவண்டுபோன பிறகு, "இங்க குழந்தைங்களுக்கு ஐசியூ கிடையாது" என்கிறார்கள். இதை வாசலிலேயே சொல்லியிருக்கலாமே! அப்புறம், தெரிந்த ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறதாம், அவர்கள் ஆம்புலன்ஸிலேயே போக வேண்டுமாம், பில்லை முழுக்கக் கட்டினால்தான் ரெஃபரல் சீட்டாம். அந்தப் பில்லில் 'குழந்தை நிபுணர் கட்டணம்' வேறு. எந்த நிபுணர் வந்தார் என்று கேட்டால் கேஷியர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சீட்டே வேண்டாம் என்று 108-ஐக் கூப்பிட்டோம். வண்டியில் ஏற்றியதுமே ஆக்சிஜன் வைத்தார்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் சீட்டு எங்கே, பணம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நேரே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். நிமோனியா. இப்போது பால் குடிக்கிறாள், வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

இனி எந்த நர்சிங் ஹோம் போனாலும் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால், குழந்தை டாக்டர் இப்போது உள்ளே இருக்கிறாரா இல்லை போனில்தான் இருக்கிறாரா, குழந்தைகளுக்கு ஐசியூ உண்டா என்று கேளுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40, அந்த அளவோ அதற்கு மேலோ போனால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். பால் குடிக்காமல் போவது, விலா உள்ளே இழுப்பது, வலிப்பு, எழுப்பியும் எழாதது, இதில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டு நிற்காமல் 108. காசு கிடையாது.

உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு முதலில் சிகிச்சை கொடுத்தாக வேண்டும், அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும், என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. "அட்வான்ஸ் கட்டினால்தான்" என்று ஆரம்பித்தால் அதை அங்கேயே சத்தமாகச் சொல்லுங்கள்.

இதே மாதிரி வராத நிபுணருக்குப் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்கு எழுதுங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.