கண்ணாடியா, ஸ்டீலா, பிளாஸ்டிக்கா: செடித் தொட்டிக்கு எந்தக் குழாய்?

மீன் தொட்டிக்கு வெளியே வைத்துத் தண்ணீரை வடிகட்டும் கனிஸ்டர் ஃபில்டரின் பெட்டியைப் பிரித்தால் உள்ளே இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் இருக்கும். தொட்டித் தண்ணீரை உறிஞ்சும் இன்லெட் ஒன்று, வடிகட்டிய தண்ணீரைத் திருப்பி விடும் அவுட்லெட் ஒன்று. மீன் மட்டும் வளர்க்கிறவர் அதையே மாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். மீனோடு நீர்ச்செடிகளும் வளர்க்கும் செடித் தொட்டி வைத்திருப்பவருக்கு அது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். கல்லும் கட்டையும் மாஸ் என்னும் பாசிச் செடியும் பார்த்துப் பார்த்து அடுக்கிய தொட்டியின் ஓரத்தில், கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு பச்சைக் குழாய் நிற்பதை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

அடுத்து என்ன வாங்குவது என்று சென்னை கொளத்தூரின் மீன் தொட்டிக் கடைகளில் விசாரித்தால் கண்ணாடி லில்லி பைப்பையும் ஸ்டீல் லில்லி பைப்பையும் எடுத்து வைப்பார்கள். மூன்று அடித் தொட்டி ஒன்றில் மூன்று வகையையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அழகில் பாதிதான். மீதிப் பாதி கழுவுவதில் இருக்கிறது. அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

கண்ணாடிக் குழாயைப் பரவலாக்கியவர் ஜப்பானின் நீகாத்தாவைச் சேர்ந்த தகாஷி அமானோ. 1982இல் ஏடிஏ (அக்வா டிசைன் அமானோ) என்ற மீன் தொட்டிப் பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். அடிப்படையில் அவர் ஒரு புகைப்படக்காரர். தொட்டியைப் படம் எடுக்கும்போது செடியும் மீனும் தவிர வேறெதுவும் தெரியக்கூடாது என்று நினைத்தவர். நிறமில்லாத கண்ணாடி தண்ணீருக்குள் போனால் பாதி மறைந்துவிடும். ஆனால் மறைவது மட்டுமே அதன் குணம் என்று நினைத்தால், அவுட்லெட்டின் வடிவத்தில் உள்ள சூட்சுமத்தைத் தவறவிட்டுவிடுவோம்.

அவுட்லெட்டின் முனை லில்லிப் பூவைப் போல விரிந்திருக்கும். குழாயில் வேகமாக வரும் தண்ணீர் அந்த அகலமான வாய்க்கு வரும்போது வேகம் குறைந்து பரவுகிறது. வாயின் விட்டம் குழாயைப் போல மூன்று மடங்கு என்றால் பரப்பு ஒன்பது மடங்கு. கணக்குப்படி வேகம் ஒன்பதில் ஒன்றாகக் குறைய வேண்டும். நடைமுறையில் அந்த அளவுக்குக் குறையாது, ஏனென்றால் தண்ணீர் வாய் முழுக்க ஒரே சீராகப் பரவுவதில்லை. இருந்தாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஓட்டைகள் போட்ட ஸ்ப்ரே பாரை வைத்திருந்தபோது என் கார்டினல் டெட்ரா மீன்கள் எதிர்மூலையில் ஒதுங்கிக் கிடந்தன. லில்லி பைப் போட்ட மறுநாளிலிருந்து தொட்டி முழுக்க உலாவ ஆரம்பித்தன.

செடிகளுக்காகத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு விடுகிறவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. ஸ்ப்ரே பார் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தால், காசு கொடுத்து வாங்கிய வாயு காற்றோடு போய்விடும். லில்லி பைப்பின் வாயைப் பகலில் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தால் மேற்பரப்பு லேசாக மட்டும் அசையும். இரவில் விளக்கை அணைத்தபின் இரண்டு விரற்கடை மேலே ஏற்றிவிட்டால், தண்ணீர் சலசலவென்று விழுந்து ஆக்சிஜனை உள்ளே கொண்டுபோகும். மேலே படியும் எண்ணெய் மாதிரியான ஏடும் கலைந்துவிடும்.

இந்த வடிவம் ஸ்டீலிலும் கிடைக்கிறது, அக்ரிலிக்கிலும் கிடைக்கிறது. தண்ணீர் ஓட்டத்தில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பொருளில்தான் கதை மாறுகிறது.

கண்ணாடி ஒளியை உள்ளே விடும். அதுதான் அதன் அழகு, அதுவேதான் அதன் பிரச்சினை. தினமும் எட்டு மணி நேரம் எரியும் விளக்கு குழாயின் உட்புறத்துக்கும் சேர்த்துத்தான் வெளிச்சம் கொடுக்கிறது. எனக்கு இரண்டாவது வாரம் பழுப்பாக ஒரு படலம் தெரியும். நான்காவது வாரம் பச்சை. ஆறு வாரம் விட்டால், வெறும் பிளாஸ்டிக் குழாயே பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்கு அசிங்கமாகிவிடும். பூ வாயின் விளிம்பில் தண்ணீர் நன்றாக ஓடுவதால் கறுப்புத் தாடிப் பாசிக்கு அது பிடித்த இடம். ஒரு முறை பிடித்தால் கையால் துடைத்துப் போகாது.

ஸ்டீல் குழாய்க்குள் வெளிச்சமே போகாது. அதனால் உள்ளே பச்சைப் பாசி வளராது. ஆனால் சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பாக்டீரியாக்கள் கட்டும் வழுவழுப்பான படலத்துக்கு வெளிச்சம் தேவையில்லை. மூன்று மாதம் கழித்து என் ஸ்டீல் இன்லெட்டுக்குள் பிரஷ் விட்டபோது, மறுமுனையில் காபித் தூள் வண்டல் மாதிரி ஒரு கரும்பழுப்புக் கூழ் வந்து விழுந்தது. அதுவரை எனக்கு எதுவுமே தெரியவில்லை. ஃபில்டரின் ஓட்டம் குறைந்துவிட்டது என்று மோட்டாரைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடியாக இருந்திருந்தால் ஒரு மாதத்துக்கு முன்பே அதுவே காட்டிக்கொடுத்திருக்கும்.

ஸ்டீலில் 304, 316 என்று இரண்டு தரம் சொல்வார்கள். 316இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். நன்னீர்த் தொட்டிக்கு 304 போதும். கடல்நீர்த் தொட்டிக்கு இரண்டையுமே நான் வைக்க மாட்டேன். சில கடைகளில் காந்தத்தை வைத்துக் காட்டி “பாருங்க, ஒட்டல, 316தான்” என்பார்கள். 304உம் பெரும்பாலும் ஒட்டாது. ஆகவே அந்தச் சோதனை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. அதைவிட, முனைக்குள் ஒரு காட்டன் பட்ஸை விட்டுத் தடவிப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் உள்ளே பிசிறு இருக்கிறது. அந்தப் பிசிறில்தான் மாஸ் துணுக்கு சிக்கி அடைப்பு ஆரம்பிக்கும். இணைப்பில் பித்தளை இருந்தாலும் வேண்டாம். பித்தளையில் உள்ள தாமிரம் கரைந்தால் இறால்கள் தாங்காது.

பிளாஸ்டிக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடையாது, மலிவு, பார்க்க நன்றாக இருக்காது. அக்ரிலிக் வாங்கினால் புதிதில் கண்ணாடி போலவே மினுமினுக்கும், தேய்க்கத் தேய்க்கக் கீறல் விழுந்து மங்கிவிடும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் முடி முடியாக வெடிப்பு விடும்.

சரி, உடைவதைப் பற்றிப் பேசாமல் கண்ணாடியைப் பற்றிப் பேச முடியாது. என் முதல் கண்ணாடி அவுட்லெட் உடைந்தது கழுவும்போது அல்ல. கழுவி மாட்டிப் பத்து நாள் கழித்து, விடியற்காலையில். தொட்டி விளிம்பைத் தாண்டி வளையும் இடத்தில் மயிரிழை அளவு விரிசல் இருந்திருக்கிறது. குழாயை ஃபில்டரோடு இணைக்கும் ஹோஸைக் கழற்றும்போது வளைவைப் பிடித்து இழுத்தேன், அப்போது விழுந்ததாகத்தான் இருக்க வேண்டும். அவுட்லெட் தொட்டிக்கு வெளியே உடைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஃபில்டர் நிற்காது. தொட்டியிலிருந்து உறிஞ்சி உறிஞ்சித் தரையில் கொட்டும். எதுவரை? இன்லெட்டின் வாய் வெளியே தெரியும்வரை. இன்லெட் வாயோ தொட்டியின் அடியில் இருக்கிறது. நான் எழுந்து வந்தபோது மண்ணுக்கு மேல் நான்கு விரல் தண்ணீர்தான் மிச்சம். மீன்கள் பிழைத்தன. கீழ்வீட்டுக் கூரையில் விழுந்த ஈரக்கறை அடுத்த வெள்ளையடிப்புவரை அப்படியே இருந்தது, நானும் படியில் அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு விஷயம் மாற்றினேன். முதலாவது, இன்லெட்டை ஸ்டீலுக்கு மாற்றி, தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே இருக்கும்படி ஒரு சின்ன ஓட்டை போட்டேன். லேத் பட்டறையில் ஐந்து நிமிட வேலை. தண்ணீர் அந்த ஓட்டைக்குக் கீழே இறங்கினால் காற்று உள்ளே போய் ஃபில்டர் உறிஞ்சுவது நின்றுவிடும். தரையில் கொட்டினாலும் ஒரு பக்கெட்டோ இரண்டோதான். மாட்டிய அன்றே அவுட்லெட் ஹோஸைப் பக்கெட்டில் விட்டுச் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் இந்த ஓட்டையை வீட்டில் போட முடியாது. இரண்டாவது மாற்றம், கழுவும் முறையில்.

முதலில் ஃபில்டரை நிறுத்தி, இரண்டு வால்வையும் மூடுங்கள். ஹோஸ் முனையைக் கைபொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்தால் இளகும். கண்ணாடியின் நேர்ப்பகுதியை, ஹோஸுக்கு மிக அருகில், ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் ஹோஸைத் திருகித் திருகி எடுக்க வேண்டும். வளைவைத் தொடவே கூடாது. வரவில்லையா? பிளேடால் ஹோஸைக் கீறி எடுத்துவிடுங்கள். ஓர் அங்குல ஹோஸ் போனால் போகிறது. சிங்க்கில் பழைய துண்டு ஒன்றை விரித்துவிட்டுத்தான் கழுவ ஆரம்பிப்பேன், கை வழுக்கினாலும் எவர்சில்வரில் மோதாது. நீளமான ஸ்பிரிங் பிரஷ்ஷின் முனையில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் கண்ணாடியைக் கீறிவிடும், கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

பாசி பிடிவாதமாக இருந்தால் இங்கேதான் கண்ணாடி ஜெயிக்கிறது. பிளீச்சில் பத்து மடங்கு தண்ணீர் கலந்து இரண்டு மணி நேரம் ஊறவைத்தால் உள்ளிருக்கும் எல்லாம் வெளுத்து உதிர்ந்துவிடும். பிறகு நன்றாக அலசி, குளோரினை நீக்கும் ஹைபோ கலந்த தண்ணீரில் போட்டு எடுத்தால் குளோரின் வாசனை போய்விடும். ஸ்டீலை அப்படி ஊறவைத்தால் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். ஸ்டீலுக்கு பிரஷ்ஷும் மருந்துக் கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடும்தான்.

சென்னையில் போர் தண்ணீர் பிடிக்கிற வீடுகளில் இன்னொன்று சேரும். தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் வெள்ளையாக உப்புக்கறை படியும். அதற்கு பிளீச் பயன்படாது. வினிகர் அல்லது எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டால் கரைந்துவிடும். கண்ணாடி, ஸ்டீல் இரண்டுக்குமே இது சரி. ஆனால் வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைக்கும். நான் இரண்டையும் ஒரே நாளில்கூடச் செய்வதில்லை.

வாங்கும்போது அளவைக் குறித்துக்கொண்டு போங்கள். 12/16 என்றால் ஹோஸின் உள்விட்டம் 12 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 16. அடுத்த அளவு 16/22. சில ஃபில்டர்களில் உறிஞ்சும் பக்கம் ஒன்று, விடும் பக்கம் வேறொன்று. ஒரே அளவில் செட்டாக வாங்கி வந்தவர்கள் திரும்பக் கடைக்கு நடக்கிறார்கள். கண்ணாடியில் ஜப்பான் தயாரிப்புக்கும் பெயரில்லாத சீனத் தயாரிப்புக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். சீனக் குழாய் வாங்குவதில் தவறில்லை, ஆனால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வளைவையும் பூ வாய் ஒட்டிய இடத்தையும் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கம் மெலிந்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது என் தொட்டியில் இன்லெட் ஸ்டீல், பின்பக்கம் செடிகளுக்கு நடுவே. அவுட்லெட் கண்ணாடி, முன்னால் எல்லோரும் பார்க்கும் இடத்தில். பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு அதைக் கழற்ற நேரம் இல்லாதவர்களுக்கு இரண்டையும் ஸ்டீலில் போடத்தான் சொல்வேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் தொட்டி விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்க்கிறார்கள் என்றாலும் அதுவேதான். கண்ணாடி வாங்குகிறவர்கள் கூடவே குழாயைத் தொட்டிச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கும் சக்‌ஷன் கப் நான்கும் வாங்கிவிடுங்கள். ஒரு வருடத்தில் ரப்பர் இறுகிப் பிடிப்பு விட்டுவிடும், அப்புறம் குழாயின் மொத்த எடையும் அந்த வளைவில்தான் தொங்கும்.