மாமல்லபுரத்தில் 560 ரூபாய்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு வேனில் ஒருநாள் சுற்றுலா போய்வந்தால் மனதில் கடற்கரைக் கோயில் நிற்க வேண்டும். நின்றதென்னவோ டிக்கெட் கவுன்ட்டர்தான். இந்தியர் டிக்கெட்டுக்கும் வெளிநாட்டவர் டிக்கெட்டுக்கும் இடையே தலைக்கு 560 ரூபாய் வித்தியாசம், அந்த விவகாரம். பவுண்டில் மாற்றினால் ஐந்துக்குப் பக்கத்தில் வரும்; லண்டனில் ஒரு காபியும் பன்னும் வாங்கினால் தீர்ந்தது. இதற்கா இவ்வளவு புலம்பல் என்றால், ஆமாம், இதற்குத்தான்.

முதலில் கணக்கு. மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை; இந்தியத் தொல்லியல் துறையின் மேல்தட்டுக் கட்டணம் அங்கே. இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஆன்லைனில் எடுத்தால் 35, 550. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, எந்த நாட்டுப் பிள்ளையானாலும், இலவசம். ஒரே டிக்கெட் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் அன்றைக்குச் செல்லும். இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். இதற்குப் பிறகு வருவதுதான் வேன் கைடுகளில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள அவசியம் இல்லை.

தெற்காசியக் கூட்டமைப்பான சார்க், வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக் இரண்டின் குடிமக்களுக்கும் அதே 40 ரூபாய்தான். அதாவது இலங்கை, நேபாளம், பூட்டான், வங்கதேசம், மாலத்தீவு இத்யாதியோடு மியான்மர், தாய்லாந்து பாஸ்போர்ட்டும் சேர்த்தி. அடுத்தது ஓ.சி.ஐ. அட்டை, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது. 2021 மார்ச் 4 அன்று உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையில், தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம், தேசியச் சின்னங்கள், வரலாற்று இடங்கள், அருங்காட்சியகங்கள் ஆகியவற்றின் நுழைவுக் கட்டணத்தில் ஓ.சி.ஐ.காரர்களுக்கு இந்தியர்களுக்குச் சமமான நிலை என்று எழுதியிருக்கிறது. உள்நாட்டு விமானக் கட்டணமும் அதே பத்தியில் வருகிறது. சலுகை காட்டுங்கள் என்று யாரும் கெஞ்ச வேண்டியதில்லை, விதியே அப்படி.

இப்போது அந்த வேன். சென்னைத் தாத்தா பாட்டி, இந்தியப் பாஸ்போர்ட். லண்டன் தம்பதி, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ.யும், கூடவே 11, 14 வயதில் இரண்டு பிள்ளைகள். யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் இருக்கும் அக்கா, கனடா பாஸ்போர்ட். அவருடைய தங்கை, இன்னும் யாழ்ப்பாணத்திலேயே, இலங்கைப் பாஸ்போர்ட். பினாங்கிலிருந்து ஒரு மலேசியத் தமிழ்த் தம்பதி. பத்துப் பேரும் தமிழில்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் டோல் தாண்டியதும் கைடு எழுந்து நின்று வசூலை ஆரம்பித்தார்: "இந்தியன் நாப்பது, ஃபாரினர் அறுநூறு. நானே க்யூவுல நின்னு வாங்கிட்டு வந்துடறேன் சார், நீங்க ஏசிலயே உக்காருங்க." தாத்தா பாட்டியிடம் 80, மற்ற எட்டுப் பேரிடம் தலைக்கு 600. பிள்ளைகளுக்கும் சேர்த்து.

வெயிலில் இறங்க வேண்டாம் என்கிற அந்த உபசாரம்தான் வினை. கவுன்ட்டரில் பாஸ்போர்ட் நிறத்தைப் பார்த்து டிக்கெட் அடிப்பதில்லை. வருபவர் என்ன சொல்கிறாரோ அது. கைடு போய் "ரெண்டு இந்தியன், எட்டு ஃபாரின்" என்றால் அப்படியே அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அடித்த டிக்கெட்டைத் திரும்ப வாங்கும் வழக்கம் கிடையாது. வேன் நிறுத்தத்துக்கு டிக்கெட் வந்த பிறகுதான் ஒருவர் ஓ.சி.ஐ. புத்தகத்தை எடுக்கிறார், இன்னொருவர் பிள்ளைகளின் வயதைச் சொல்கிறார். கவுன்ட்டருக்குத் திரும்பப் போனால் உள்ளே இருப்பவர் சொல்வது நியாயமாகவே இருக்கிறது: "முன்னாடியே காட்டியிருந்தா நாப்பதுதானே சார் போட்டிருப்பேன்." பின்னால் பள்ளிக்கூடச் சுற்றுலாவின் வரிசை. இருபத்தைந்து நிமிடம் போனது. பிள்ளைகளின் 1,200 ரூபாயைக் கைடு தன் பையிலிருந்தே திருப்பிக் கொடுத்தார். பாவம், அது கெட்ட எண்ணம் இல்லை, கவனக்குறைவு. ஓ.சி.ஐ.காரர்களின் 560, 560 போனது போனதுதான். யாழ்ப்பாணத் தங்கையினுடையதும் அதே கதி.

டொராண்டோ அக்காவின் 600 மட்டும் விதிப்படி சரி. தங்கைக்கு 40, அக்காவுக்கு 600. ஒரே வீட்டில் பிறந்தவர்கள். "அப்ப நான் என்ன வெள்ளைக்காரியே?" என்று அவர் கேட்டதற்குக் கைடிடம் பதில் இல்லை, யாரிடமும் இருக்காது. ஓ.சி.ஐ. வாங்கலாமே என்று பக்கத்து இருக்கை யோசனை சொன்னது. அது இந்திய வம்சாவளிக்கான அட்டை. ஈழத்திலேயே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்குப் பொருந்தாது. இலங்கை மலையகத் தமிழர்க்கும் மலேசியத் தமிழர்க்கும் வழி உண்டு, பாட்டன் பூட்டன் இந்தியாவிலிருந்து போனதற்குக் காகிதம் இருந்தால். பினாங்குக்காரரின் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவராம். பிறப்புச் சான்றிதழை மடித்து மடியில் கட்டிக்கொண்டா ஏறியிருப்பார்? ஆக, தாய்லாந்துக்காரர் 40 ரூபாயில் உள்ளே போக, தேவாரம் பாடத் தெரிந்த பினாங்கு அம்மா 600 கொடுத்து மகேந்திரவர்மன் வம்சத்தாரின் கோயிலைப் பார்க்கிறார்.

லண்டன் டவரில் 30 பவுண்டுக்கு மேல் பிடுங்குகிறார்கள், அது தனி வயிற்றெரிச்சல். ஆனால் சன்னலில் நின்று "நீ எந்த நாடு?" என்று கேட்பதில்லை. இங்கே தொகை அற்பம், கேள்விதான் உறுத்துகிறது. அதுவும் தமிழில் கேட்டுவிட்டு, தமிழில் பதில் வாங்கிக்கொண்டு, ஃபாரினர் என்று அச்சடித்துக் கொடுக்கும்போது.

சரி, செய்ய வேண்டியது. பயண நிறுவனத்தில் பதியும்போதே நுழைவுக் கட்டணம் சேர்த்தியா இல்லையா என்று கேளுங்கள். சேர்த்தி என்றால் உங்களை எந்தக் கணக்கில் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் 600ஐத்தான் தொகுப்பில் ஏற்றியிருப்பார்கள். சேர்த்தி இல்லை என்றால் டிக்கெட்டை நீங்களே இறங்கி வாங்குங்கள், கைடு எவ்வளவு தடுத்தாலும் சரி. ஓ.சி.ஐ. அசல் புத்தகம் கையில் இருக்க வேண்டும். கைப்பேசியில் படம் காட்டினால் ஏற்பதும் ஏற்காததும் அன்றைக்கு அங்கே இருப்பவரின் மனநிலை. கூடவே பாஸ்போர்ட். 2021 அறிவிக்கையின் ஒரு பிரதியை அச்செடுத்து மடித்து வைத்துக்கொண்டால், வாக்குவாதம் வந்தால் நீட்டலாம். அரசாங்கக் காகிதத்துக்கு நம் ஊரில் இன்னும் மரியாதை இருக்கிறது. "ஓ.சி.ஐ." என்று மட்டும் சொன்னால் சிலருக்குப் புரிவதில்லை. "ஓ.சி.ஐ. கார்டு இருக்கு, இந்தியன் ரேட்" என்று இரண்டையும் சேர்த்து, பணம் கொடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள். 14 வயது வாட்டசாட்டமான பையன்களுக்கு வயது ஆதாரம் அவசியம்.

பணம் கொடுப்பது அடுத்த அக்கப்போர். இளநீர்க்காரர் முதல் எல்லாரும் யூ.பி.ஐ.யில் இருக்கிறார்கள், வெளிநாட்டு எண்ணோடு வந்தவர்கள்தான் கையில் 500 ரூபாய்த் தாளை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறார்கள். 40 ரூபாய் டிக்கெட்டுக்கு 500ஐ நீட்டினால் சில்லறை பஞ்சாயத்து நிச்சயம். பத்து, இருபது, ஐம்பது தாள்களாக ஓர் ஐந்நூறு ரூபாய் தனியாக வையுங்கள். வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்.ஆர்.ஓ., என்.ஆர்.இ. வங்கிக் கணக்கு இருப்பவர்கள் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளின் கைப்பேசி எண்ணிலேயே யூ.பி.ஐ. இணைக்கலாம், வங்கி ஆதரித்தால். அதை ஊருக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். ஆன்லைன் டிக்கெட்டுக்குப் பெயர், வயது, அடையாள அட்டை எண் எல்லாம் கேட்கும். பத்துப் பேருக்கு அதை வெயிலில் நின்று கட்டைவிரலால் தட்டாமல் முந்தின இரவே விடுதி வைஃபையில் முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை எது இருந்தது? தூக்குப்போணியில் புளியோதரை, வாழையிலையில் தயிர்சாதம், கல் யானை மேல் பிள்ளைகளை ஏற்றி ஒரு போட்டோ. கண்ணனின் வெண்ணெய் உருண்டை என்கிற பெரும்பாறைக்குப் பக்கத்துச் சரிவில் சறுக்கி டிரவுசர் பின்பக்கம் கிழியாத பிள்ளை உண்டா? தலைமுறை தலைமுறையாகச் சறுக்கியதில் பாறையே வழவழப்பாகிவிட்டது. 2019 அக்டோபரில் மோடி, ஷி ஜின்பிங் சந்திப்புக்காக ஊரைத் துடைத்து விளக்குப் போட்டார்கள். புல்வெளி, வேலி, காவலாளி எல்லாம் வந்தாயிற்று. சிற்பத்தின் மேல் ஏறக்கூடாது என்பது சரியான விதி, அதில் சண்டை இல்லை. சறுக்குப்பாறையில் மட்டும் காவலாளிகளே பிள்ளைகளைக் கண்டும் காணாமல் இருக்கிறார்கள். வாழ்க.

வேன்காரர்கள் எதை முதலில் காட்டுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தலைகீழாகக் காட்டுகிறார்கள். எட்டு மணிக்கு மேல் கிளம்பி, வழியில் டிபன் முடித்து, பத்தரைக்கு ஐந்து ரதத்தில் இறக்கிவிட்டார்கள். ரதங்களில் நான்கு மேற்கு பார்த்தவை. காலையில் முகப்பு நிழலில் கிடக்கும், படத்தில் கருப்பாக வரும். கடற்கரைக் கோயிலின் பெரிய சந்நிதியும் அர்ச்சுனன் தபசுப் பாறையும் கிழக்கு பார்த்தவை. அவற்றுக்குக் காலை வெயில்தான். ஆகவே காலையில் கடற்கரைக் கோயில், அடுத்து தபசு, குன்றின் மேல் வராக மண்டபம், மகிஷாசுரமர்த்தினி குகை, சாப்பாடு, நான்கு மணிவாக்கில் ரதங்கள். காலை 6 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும், அவசரமே இல்லை. தலசயனப் பெருமாள் கோயில் மட்டும் நண்பகலில் நடை சாத்திவிடும். 108 திவ்ய தேசத்தில் ஒன்று, சேவிக்க நினைப்பவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வேனின் வரிசையை மாற்றச் சொன்னால் ஓட்டுநர் மறுப்பதில்லை, மூன்று இடமும் இரண்டு கிலோமீட்டருக்குள் அடக்கம். மறுப்பது, மதியத்தில் நுழைக்கும் கற்சிற்பக் கடையைத் தவிர்க்கச் சொன்னால்தான். அங்கே முக்கால் மணி நேரம். பிள்ளையார் அழகாகத்தான் இருக்கிறார். 23 கிலோ பெட்டியில் ஏறமாட்டார்.

கைடைப் பற்றி இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தபசுப் பாறை முன்னால் நின்றதும் மனிதர் வேறு ஆளாகிவிட்டார். அர்ச்சுனன் பாசுபதம் வேண்டித் தவம் செய்கிறானா, கங்கையை இறக்க பகீரதன் நிற்கிறானா என்ற பழைய வழக்கை இரு பக்கமும் வாதாடிக் காட்டினார். நடுப்பிளவில் நாகர்கள் நீந்துவதையும், மேலே நீர்த்தொட்டி இருந்த இடத்தையும் காட்டி, அதில் தண்ணீர் விட்டால் இந்தப் பாறை எப்படி உயிர் பெற்றிருக்கும் என்று பிள்ளைகளைக் கண்ணை மூடி நினைக்கச் சொன்னார். முன்னங்கால்களை மேலே தூக்கி நின்று தவம் செய்யும் பூனை, அதன் காலடியில் நம்பி நிற்கும் எலிகள். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான். லண்டன் மியூசியங்களில் காதில் மாட்டித் தரும் கருவிக்கு இந்தக் குரல் வராது.

ரதத்தில் மறுபடி வழுக்கினார். பாண்டவர்கள் இங்கே தங்கியிருந்தார்கள் என்று ஒரு பிள்ளையிடம் அடித்துவிட்டார். பெயர் மட்டும்தான் பாண்டவர் பெயர், அதுவும் பின்னால் வந்தது. சொல்ல வேண்டியதோ கண்ணெதிரே இருந்தது: பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து வந்திருக்கிறார்கள், அதனால்தான் உச்சி மெருகேறி முடிந்திருக்க, அடிப்பாகம் பாதியில் நிற்கிறது. திரௌபதி ரதம் கூரைக் குடிசை, சகதேவ ரதம் யானை முதுகுபோல் பின்புறம் வளைந்த தூங்கானை மாடம், பக்கத்திலேயே அதே முதுகுவாகில் ஒரு யானை. ஒரு யானையை நிறுத்திக் கட்டடக்கலைப் பாடம் நடத்தியவன் எவனோ! சுற்றுலாத் துறை உரிமம் பெற்ற கைடுகளிடம் படம் ஒட்டிய அட்டை இருக்கும்; நீங்களாக அமர்த்துவதானால் அதைப் பார்த்துவிட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஒப்பிக்கும்போதுதான் பாதிக் கதை புளுகாகிறது.

இதே பயணத்தில் ஆக்ரா போகிறவர்களுக்கு: தாஜ்மகாலில் கட்டணம் வேறு. இந்தியர் 50, சார்க், பிம்ஸ்டெக் நாட்டவர் 540, மற்ற வெளிநாட்டவர் 1,100. நடுக் கல்லறை மண்டபத்துக்கு மேலும் 200. வெள்ளிக்கிழமை மூடல். அங்கே ஓ.சி.ஐ.யை மறந்துவிட்டு இறங்கினால் 560 இல்லை, 1,050 போகும்.

காஞ்சிபுரத்தையும் அதே நாளில் சேர்த்துத் தரும் வேன்களை நம்பாதீர்கள். கைலாசநாதர் கோயிலுக்கு டிக்கெட்டே கிடையாது, யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. ஆனால் நண்பகலில் நடை சாத்தினால் மறுபடி திறக்க நான்கு மணி. பட்டுச் சேலைக் கடையில் பத்தரைக்கு இறக்கிவிடுகிற வேனில் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம். தனியாகக் கார் வைத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்குள் சென்னையைத் தாண்டிவிடுங்கள்.