எழுத்தாளர் பேட்டி: திரையில் காட்டலாமா, அச்சில் கொடுக்கலாமா?

ஒரு நூலைப் பாடமாக நடத்தும்போது, அதை எழுதியவரின் பேச்சையும் மாணவர்கள் கேட்க வேண்டும் என்று நினைப்பவன் நான். அதற்கு மூன்று வழிகள் உண்டு. எழுத்தாளரையே அழைத்து வருவது முதல் வழி. அது வருடத்துக்கு ஒருமுறை நடந்தாலே பெரிய விஷயம், மறைந்தவர்களை அழைக்கவும் முடியாது. ஆக, போட்டி அச்சில் வந்த நேர்காணலுக்கும் தொலைக்காட்சிப் பேட்டிக்கும்தான்.

அச்சு நேர்காணலில் விஷயம் அடர்த்தியாக இருக்கும். அடிக்கோடு போடலாம், கட்டுரையில் மேற்கோள் காட்டலாம். 1953 முதல் வரும் 'பாரிஸ் ரிவ்யூ' இலக்கிய இதழின் நேர்காணல்கள் நல்ல உதாரணம். ஆனால் அவற்றில் பல, எழுத்தாளர்களே திருத்திக் கொடுத்தவை. தடுமாற்றமெல்லாம் துடைக்கப்பட்டிருக்கும். எழுதப் பழகும் பிள்ளைக்கு அந்தத் தடுமாற்றம்தான் தெரிய வேண்டும்!

தொலைக்காட்சியில் அது தெரிகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியான சி-ஸ்பானில் 1989 முதல் 2004 வரை வந்த 'புக்நோட்ஸ்' எனக்குப் பிடித்தது: ஒரு மணி நேரம், ஒரு எழுத்தாளர், ஒரு நூல். பேட்டி எடுக்கும் பிரையன் லாம்ப் கேட்பதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். எங்கே உட்கார்ந்து எழுதுகிறீர்கள் என்றுகூடக் கேட்பார். மாணவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி அது. கேள்வி முடிந்ததும் படத்தை நிறுத்தி, "இவர் என்ன சொல்வார்? இரண்டு வரி எழுதுங்கள்" என்பேன். அப்புறம் ஓடவிடுவேன். ஒருமுறை எழுத்தாளர் மேலே பார்த்தபடி சில நொடி பேசாமல் இருந்தார். "சார், இவருக்கும் உடனே வரலையே" என்றாள் ஒரு மாணவி. அன்று அவள் நோட்டில் வழக்கத்தைவிட அதிகம் எழுதினாள்.

முழு ஒரு மணி நேரத்தையும் ஓடவிட்டால் வகுப்பு தூங்கிவிடும். நான்கைந்து நிமிடம் போதும். திரையில் வருவதெல்லாம் அப்போதே தோன்றிய பேச்சு என்றும் நம்பிவிடக் கூடாது. 1975-இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் 'அபோஸ்த்ரோஃப்' நிகழ்ச்சிக்கு வந்த 'லோலிடா' நாவலாசிரியர் நபக்கோவ், கேள்விகளை முன்பே வாங்கி, எழுதி வைத்த பதில்களைப் படித்தார். அதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுவேன். அப்புறம் எந்தப் பேட்டியிலும் கண் எங்கே போகிறது என்று அவர்களே கவனிக்கிறார்கள்.

ஒன்றுதான் முடியும் என்றால், எழுத்துப் பயிற்சி வகுப்புக்குத் திரை, தேர்வுக் கட்டுரைக்கு அச்சு. நேரம் இருந்தால் பேட்டியின் எழுத்து வடிவத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 'புக்நோட்ஸ்' பேட்டிகளுக்கு அது கிடைக்கிறது. முதலில் பார்க்கட்டும், பிறகு அதே பகுதியைத் தாளில் கொடுத்து, எது விடுபட்டிருக்கிறது என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள்.